அறுபத்தைந்தில் தவறவிடக் கூடாத ஏழு மாதங்கள்

அமெரிக்காவில் ஒருவருக்கு அறுபத்தைந்து வயது நெருங்கினால், தனியார் காப்பீட்டு நிறுவனங்களின் வண்ண விளம்பரங்கள் வீட்டுக்கு வரிசையாக வரத் தொடங்கும். ஆனால், மூத்தோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரின் அட்டை பலருக்குத் தானாக வருவதில்லை. ‘வயது நிறைந்தால் அரசே சேர்த்துவிடும்’ என்று நம்பிச் சும்மா இருப்பவர்கள் அதற்கான விலையை ஆயுள் முழுக்கக் கொடுக்க நேரிடும்.

இந்தக் குழப்பத்தின் வேர் 1983இல் வந்த ஒரு சட்டத் திருத்தத்தில் இருக்கிறது. அதற்கு முன்பு, சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசுத் திட்டத்தின் முழு ஓய்வூதியமும் மெடிகேரும் அறுபத்தைந்து வயதில் ஒன்றாகவே கிடைத்தன. திருத்தத்துக்குப் பிறகு முழு ஓய்வூதிய வயது படிப்படியாக உயர்ந்தது. 1960இலும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்கு அது 67. மெடிகேர் வயதோ 65லேயே நின்றுவிட்டது. ஏற்கெனவே ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருப்பவரை அரசே சேர்த்துவிடும். 67 வரை ஓய்வூதியத்துக்குக் காத்திருப்பவர் தானே விண்ணப்பிக்க வேண்டும்.

விண்ணப்பிக்க ஏழு மாத அவகாசம் உண்டு: பிறந்த மாதம், அதற்கு முந்தைய மூன்று, பிந்தைய மூன்று. ஜூன் 20இல் 65 நிறைகிறவருக்கு மார்ச் 1 முதல் செப்டம்பர் 30 வரை. இதைத் தவறவிட்டால் ஜனவரி முதல் மார்ச் வரையிலான பொதுப் பதிவுக் காலத்துக்குக் காத்திருக்க வேண்டும். அதோடு அபராதமும் சேரும். மருத்துவர் கட்டணத்துக்கான ‘பார்ட் பி’யில் சேராமல் கடந்த ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் மாதக் கட்டணத்தில் 10 சதவீதம் கூடும். மூன்று ஆண்டு தாமதித்தவருக்கு 30 சதவீதம். 2025இல் மாதக் கட்டணம் 185 டாலராக இருந்ததால் அபராதம் மட்டும் மாதம் 55.50 டாலர், ஆண்டுக்கு 666 டாலர். ஒருமுறை கட்டினால் தீர்ந்துவிடும் அபராதமல்ல இது. பார்ட் பி இருக்கும்வரை கூடவே வரும். கட்டணம் உயர்ந்தால் இதுவும் உயரும்.

ஏன் இத்தனை கடுமை? நோய் வந்த பிறகு மட்டும் ஆட்கள் சேர்ந்தால் எந்தக் காப்பீட்டு நிதியும் தாங்காது. உடல்நலம் நன்றாக இருக்கும்போதே எல்லோரும் சேர வேண்டும் என்பதற்கான நெருக்குதல்தான் இது. காரணம் நியாயமானது. ஆனால், இந்த விதியே தெரியாமல் மாட்டிக்கொள்ளும் முதியவருக்கும், தெரிந்தே தள்ளிப்போட்டவருக்கும் ஒரே தண்டனை என்பது உறுத்தத்தான் செய்கிறது.

வேலையில் நீடிப்பவர்களுக்கு விலக்கு உண்டு. இருபது பேருக்குக் குறையாத நிறுவனத்தில் தானோ வாழ்க்கைத்துணையோ பணிபுரிந்து, அதன் வழியாகக் காப்பீடு இருந்தால் காத்திருக்கலாம். வேலை முடிந்ததும் எட்டு மாதம் அவகாசம். இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். வேலையை விட்ட பின் பழைய காப்பீட்டைச் சொந்தப் பணத்தில் நீட்டித்துக்கொள்ளும் ‘கோப்ரா’ ஏற்பாடு, பணியில் இருப்பதற்கான காப்பீடாகக் கணக்கில் வராது. நிறுவனம் தரும் ஓய்வுக்காலக் காப்பீடும் அப்படித்தான். பதினெட்டு மாத கோப்ரா முடியட்டும் என்று இருந்தவருக்கு அந்த எட்டு மாதம் எப்போதோ கடந்திருக்கும்.

1965 ஜூலை 30இல் அதிபர் லிண்டன் ஜான்சன் மெடிகேர் சட்டத்தில் கையெழுத்திட்டு, முதல் அட்டையை முன்னாள் அதிபர் ஹாரி ட்ரூமனுக்கு வழங்கினார். 1966இல் திட்டம் தொடங்கியபோது பார்ட் பி கட்டணம் மாதம் மூன்றே டாலர். 2026க்கு அது 202.90 டாலர். வருமானம் அதிகமுள்ளவர்கள் இன்னும் கூடுதலாகக் கட்டுகிறார்கள். இரண்டு ஆண்டுக்கு முந்தைய வரிக் கணக்கைப் பார்த்தே அதை முடிவு செய்வதால், ஓய்வுக்கு முன் வீட்டையோ பங்குகளையோ விற்றவருக்கு ஓய்வுக்குப் பின் கட்டணம் எகிறக்கூடும்.

மருத்துவமனைச் செலவுக்கானது ‘பார்ட் ஏ’. பத்து ஆண்டு வேலை செய்து மெடிகேர் வரி கட்டியவருக்கு இதற்கு மாதக் கட்டணம் இல்லை. அதற்காகப் படுக்கை இலவசம் என்று பொருளல்ல. 2025இல் அனுமதிக்கப்பட்டவுடன் நோயாளி பங்காக 1,676 டாலர் கட்ட வேண்டியிருந்தது. அதுவும் ஆண்டுக்கு ஒருமுறை என்ற கணக்கில்லை. வீடு திரும்பி அறுபது நாள் கடந்துவிட்டால் எண்ணிக்கை புதிதாகத் தொடங்கும். ஜனவரியில் நிமோனியாவுக்குப் படுத்தவர் மே மாதம் இடுப்பெலும்பு முறிந்து மறுபடி சேர்ந்தால் 3,352 டாலர். பார்ட் பியிலோ ஆண்டுக்கு ஒரு தொகையை (2025இல் 257 டாலர்) கையிலிருந்து கட்டிய பிறகு, ஒவ்வொரு பில்லிலும் 20 சதவீதம் நோயாளியுடையது. இந்த 20 சதவீதத்துக்கு உச்சவரம்பே கிடையாது. மாதக்கணக்கில் புற்றுநோய் மருந்து ஏற்றிக்கொள்பவருக்கு இது என்ன தொகையாகும் என்பதை யோசித்துப் பார்க்கலாம். பல், மூக்குக்கண்ணாடி, காது கேட்கும் கருவி, நீண்டகாலப் பராமரிப்பு ஆகியவை பெரும்பாலும் மெடிகேரில் சேராது. அமெரிக்காவிலிருந்து ஊருக்கு வந்த இடத்தில் மதுரையில் மாரடைப்பு வந்தாலும் மெடிகேர் உதவாது.

இந்த ஓட்டையை அடைக்க இரண்டு வழிகள். ஒன்று, ‘மெடிகேப்’ என்ற துணைக் காப்பீடு. தனியாக மாதக் கட்டணம் உண்டு, ஆனால் அந்த 20 சதவீதச் சுமையைப் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். மற்றொன்று, தனியார் நிறுவனங்கள் நடத்தும் ‘மெடிகேர் அட்வான்டேஜ்’. மெடிகேரில் இருப்போரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இன்று இதில்தான் இருக்கிறார்கள். பார்ட் பி கட்டணத்துக்கு மேல் ஒரு காசும் வேண்டாம், பல் வைத்தியமும் உண்டு என்று அழைக்கும் திட்டங்கள் இதில் ஏராளம். செலவுக்கு ஆண்டு வரம்பும் உண்டு. ஆனால், நிறுவனத்தின் பட்டியலில் உள்ள மருத்துவரிடமே போக வேண்டியிருக்கும். பல சிகிச்சைகளுக்கு முன்அனுமதி கேட்க வேண்டும்.

விளம்பரங்கள் பெரிய எழுத்தில் சொல்ல வேண்டிய செய்தி வேறொன்று உண்டு. 65 வயதில் பார்ட் பி தொடங்கியதிலிருந்து ஆறு மாதம் வரைதான் உடல்நிலையைக் காரணம் காட்டி மெடிகேப்பை யாரும் மறுக்க முடியாது. அதன் பிறகு, பெரும்பாலான மாநிலங்களில், நிறுவனம் மருத்துவ வரலாற்றைக் கேட்கும், கூடுதல் கட்டணம் விதிக்கும், மறுக்கவும் செய்யும். அட்வான்டேஜில் சேர்ந்த முதல் ஆண்டுக்குள் மனம் மாறினால் சட்டத்தில் வழியுண்டு. பத்தாண்டு கழித்து, நோய்ப்படுக்கையில், ‘அந்தப் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்’ என்று பழைய மெடிகேருக்குத் திரும்புபவருக்கு மெடிகேப் கிடைக்காமல் போகலாம்.

மருந்துகளுக்கான ‘பார்ட் டி’யில் நல்ல மாற்றம் வந்திருக்கிறது: திட்டத்தில் அடங்கும் மருந்துகளுக்கு நோயாளி தன் கையிலிருந்து கட்டுவதற்கு 2025இல் 2,000 டாலர் வரம்பு, 2026இல் 2,100. இதற்கும் தாமத அபராதம் தனியே உண்டு.

வருமானம் குறைந்தவர்களுக்குப் பார்ட் பி கட்டணத்தை மாநில அரசே கட்டும் திட்டங்கள் இருக்கின்றன. ‘ஷிப்’ என்ற அரசு நிதியில் இயங்கும் ஆலோசனை சேவை ஒவ்வொரு மாநிலத்திலும் உண்டு. திட்டம் எதையும் விற்காத ஆலோசகர்கள் இலவசமாக உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கொடுப்பார்கள். விண்ணப்பத்தை ஏற்கும் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளரையும் இலவசமாகக் கேட்கலாம்.

பிள்ளைகளோடு வாழ கிரீன் கார்டில் போன தமிழ்ப் பெற்றோருக்கு இந்தக் கடைசித் தகவல் முக்கியம். மகன் இருபது ஆண்டு கட்டிய வரி அப்பாவுக்கோ அம்மாவுக்கோ கணக்கில் வராது. அவர்கள் இந்தியாவில் உழைத்த ஆண்டுகளும் சேராது. இரு நாடுகளுக்கும் இடையே அதற்கான ஒப்பந்தம் இல்லை. அறுபத்தைந்து கடந்து, அமெரிக்காவில் தொடர்ந்து ஐந்து ஆண்டு சட்டப்படி வசித்திருந்தால் விலை கொடுத்துச் சேரலாம். 2025 கணக்கில் பார்ட் ஏ 518, பார்ட் பி 185. ஆளுக்கு 703 டாலர், தம்பதிக்கு மாதம் 1,406 டாலர். ஐந்து ஆண்டு நிறையும் மாதத்தை ஒட்டி அவர்களுக்கும் அதே ஏழு மாதக் கெடு ஓடத் தொடங்கும். பேரன் பேத்தியைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெற்றோருக்காக அந்தத் தேதியைக் குறித்து வைக்க வேண்டியவர்கள் பிள்ளைகள்தான். இடையில் ஆறு மாதத்துக்கு மேல் ஊரில் தங்கியிருந்தால் அந்த ஐந்து ஆண்டுக் கணக்கு அறுபட்டதா என்பதையும் விண்ணப்பிக்கும் முன்பே விசாரித்துவிட வேண்டும்.