காசிரங்காவின் அக்கம்பக்கத்தார்

2021 செப்டம்பர் 22, உலக காண்டாமிருக தினம். அஸ்ஸாமில் காசிரங்கா தேசியப் பூங்காவை ஒட்டிய போகாகாட்டில் காண்டாமிருகக் கொம்புகளைக் குவித்துத் தீ மூட்டினார்கள். மொத்தம் 2,479 கொம்புகள். வேட்டைக் கும்பல்களிடமிருந்து பறிமுதல் செய்தவை, தானாக இறந்த விலங்குகளிடமிருந்து எடுத்தவை என்று பல ஆண்டுகளாக அரசுக் கருவூலங்களில் பூட்டிக் கிடந்தவை அவை. கள்ளச்சந்தையில் பெரும்பணம் புரளும் சரக்கை முதலமைச்சரே முன்நின்று சாம்பலாக்கினார். உலகத்துக்கு அவர்கள் சொன்ன சேதி எளியது: இந்தக் கொம்பில் மருந்து எதுவும் இல்லை. நம் நகத்திலும் தலைமுடியிலும் உள்ள அதே கெரட்டின்தான் அதிலும் இருக்கிறது.

வியட்நாமிலும் சீனாவிலும் இன்னும் அதைப் பொடித்துக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். காய்ச்சல் தணியும், போதை தெளியும், புற்றுநோய்கூடக் குணமாகும் என்று நம்புகிறார்கள். அந்தஸ்துக்காக வாங்கி வைப்பவர்களும் உண்டு. 1977லேயே உலக வணிகத்தில் தடை செய்யப்பட்ட பொருள் இது. ஆனாலும் வாங்க ஆள் இருப்பதால் பிரம்மபுத்திராவின் கரையில் துப்பாக்கி வெடிக்கிறது. 2013, 2014 ஆகிய இரு ஆண்டுகளிலும் காசிரங்கா ஒவ்வோர் ஆண்டும் இருபதுக்கு மேற்பட்ட காண்டாமிருகங்களை வேட்டைக்காரர்களிடம் இழந்தது. அடுத்த சில ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை படிப்படியாகக் குறைந்தது. 2022ல் அஸ்ஸாம் முழுவதிலும் ஒரு காண்டாமிருகம்கூட வேட்டைக்குப் பலியாகவில்லை. 1977க்குப் பிறகு அப்படியொரு ஆண்டு அமைந்தது அதுவே முதல்முறை.

இந்த மாற்றத்துக்கு ஆயுதமேந்திய காவலர்களும், இரவுக் கேமராக்களும், காவல்துறையும் வனத்துறையும் சேர்ந்து இயங்கியதும் காரணம் என்பதில் ஐயமில்லை. அவர்களுடைய உழைப்பை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் வேட்டை எப்படி நடக்கிறது என்று பார்த்தால் இன்னொரு உண்மை தெரியும். சுடுகிறவன் பெரும்பாலும் வெளியூர்க்காரன். ஆளை மறைக்கும் யானைப்புல் காட்டில் விலங்கு எந்தச் சேற்றுக் குட்டைக்கு வரும், காவல் முகாம் எங்கே, படகு எங்கே கிடைக்கும் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியாது. வழிகாட்ட உள்ளூர் ஆள் ஒருவர் வேண்டும். பகலில் பதுங்க வீடு வேண்டும், சோறு வேண்டும். ஆகவே ஊருக்குள் புதுமுகம் ஒன்று தென்பட்டதும் முகாமுக்குப் போகும் ஒரு போன் அழைப்பு, கொலை நடக்குமுன்பே அதைத் தடுத்துவிடுகிறது. அந்த அழைப்பைச் செய்பவர் நெல் பயிரிடும் ஒரு விவசாயி அல்லது சாலையோரம் டீக்கடை வைத்திருப்பவர். காண்டாமிருகத்தின் முதல் காவலர் அவர்தான் என்பது என் துணிபு.

அவர் ஏன் அழைக்க வேண்டும்? இதை யோசிக்காமல் பாதுகாப்பைப் பற்றிப் பேசிப் பயனில்லை. இரவில் காட்டிலிருந்து வெளியேறும் விலங்கு விளைந்த வயலை மேய்ந்துவிட்டுப் போகிறது. இழப்பீட்டுக்கு அலைய வேண்டியிருக்கிறது. 2016 செப்டம்பரில் காசிரங்காவையொட்டிக் குடியிருந்தவர்களை வெளியேற்றும் நடவடிக்கையின்போது போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தார்கள். விலங்கைக் காக்கிறோம் என்று சொல்லி மனிதர்களைப் பகைத்துக்கொண்டால், அந்த போன் அழைப்பு நின்றுபோகும்.

பக்கத்து நேபாளம் இதை முன்பே புரிந்துகொண்டது. சித்வன் போன்ற பூங்காக்களின் வருமானத்தில் 30 முதல் 50 சதவீதம் வரை சுற்றியுள்ள ஊர்களின் மேம்பாட்டுக்குப் போகிறது. ஊர் இளைஞர்களே வேட்டைத் தடுப்புக் குழுக்களாகக் காட்டோரம் ரோந்து போகிறார்கள். 2011ல் அந்த நாட்டில் ஒரு காண்டாமிருகமும் வேட்டையாடப்படவில்லை. 1960களில் நூறு அளவுக்குச் சரிந்திருந்த கூட்டம், 2021 கணக்கெடுப்பில் 752 ஆகியிருந்தது.

அஸ்ஸாமின் மானஸ் பூங்காவின் கதை இதைவிட அழுத்தமானது. 1980களின் கடைசியில் தொடங்கிய போடோ கிளர்ச்சிக் காலத்தில் காவல் முகாம்கள் எரிந்தன, காவலர்கள் விரட்டப்பட்டார்கள். அங்கிருந்த காண்டாமிருகங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. 1992ல் யுனெஸ்கோ மானஸை 'ஆபத்திலுள்ள பாரம்பரியக் களம்' என்று அறிவித்தது. 2003ல் அமைதி ஒப்பந்தம் வந்தது. அதே ஆண்டு உள்ளூர் போடோ இளைஞர்கள் மாவ்ஜிகென்ட்ரி என்ற சூழல் சுற்றுலாச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அதுவரை காட்டில் வேட்டையாடிப் பிழைத்தவர்கள் பலர் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு, அதே காட்டில் காவலுக்கு நின்றார்கள். விலங்கின் தடத்தை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் யார்? 2008 முதல் பொபித்தோரா, காசிரங்கா காடுகளிலிருந்து காண்டாமிருகங்களை லாரியில் ஏற்றி மானஸுக்குக் கொண்டுவந்தார்கள். 2011ல் ஆபத்துப் பட்டியலிலிருந்து மானஸின் பெயர் நீங்கியது. 2022ல் அங்கே 40 காண்டாமிருகங்கள் இருந்தன.

அவற்றுக்குள் கங்காவின் வரலாறும் கலந்திருக்கிறது. 2004 வெள்ளத்தில் தாயைப் பிரிந்து தவித்த பெண் குட்டி அது. காசிரங்காவை ஒட்டியுள்ள வனவிலங்கு மறுவாழ்வு மையத்தில் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தார்கள். ஆண்டுதோறும் பிரம்மபுத்திரா பொங்கும்போது இப்படிச் சில குட்டிகள் தாயைவிட்டு அடித்துச் செல்லப்படுகின்றன. காண்டாமிருகத்துக்குக் கர்ப்பகாலம் ஏறத்தாழ 16 மாதம். ஒரு பிரசவத்தில் ஒரே குட்டி, அடுத்த பிரசவத்துக்கு மூன்று ஆண்டுகள்கூட ஆகும். ஆகவே ஒவ்வொரு குட்டியும் அருமையானது. வயலில் ஒதுங்கிய குட்டியை வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடாமல், நாயை விரட்டிவிட்டு உடனே வனத்துறைக்குச் சொல்லும் ஊரார்தான் அதன் உயிருக்கு முதல் துணை. கங்கா மானஸில் விடப்பட்டு, 2013ல் தானே தாயானாள்.

வெள்ளத்தின்போது பெரிய விலங்குகளும் மேட்டைத் தேடி கார்பி மலைகளுக்குப் போகின்றன. இடையில் குறுக்கிடுகிறது தேசிய நெடுஞ்சாலை. ஒரு பக்கம் பூங்கா, மறு பக்கம் மலை, நடுவில் லாரிகள். வெள்ளக் காலத்தில் வனத்துறை இங்கே வாகனங்களுக்கு நேர அட்டை கொடுக்கும். நுழையும் இடத்தில் மணியைக் குறித்துக் கொடுப்பார்கள், வெளியேறும் இடத்தில் வாங்கிப் பார்ப்பார்கள். மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டியிருந்தால் அபராதம். 2022 அக்டோபரில் ஹல்திபாரி என்ற இடத்தில் சாலையைக் கடக்க வந்த காண்டாமிருகம் ஒன்று லாரியில் மோதிச் சரிந்தது. எழுந்து நிற்க முயன்று மறுபடி விழுந்து, பிறகு காட்டுக்குள் ஓடியது. உயிர் தப்பியது. அந்தக் காணொளியை நாடே பார்த்தது. இத்தனை பெரிய விலங்கைக் கொல்லத் துப்பாக்கிதான் வேண்டும் என்பதில்லை, அவசரமாகப் போகும் ஓட்டுநர் ஒருவர் போதும்.

இந்தியக் காண்டாமிருகம் இன்று நாலாயிரத்தைத் தாண்டியிருக்கிறது, அதில் 2,613 காசிரங்காவில் மட்டும் என்கிறது 2022 கணக்கு. ஒரு நூற்றாண்டுக்கு முன் மொத்தமே இருநூறு அளவுதான் மிஞ்சியிருந்ததாகச் சொல்வார்கள். அதே நேரம், இந்தோனேசியாவின் ஜாவாக் காண்டாமிருகம் ஐம்பது அளவுக்கு வந்துவிட்டது. அதையும் கள்ள வேட்டைக் கும்பல் விட்டுவைக்கவில்லை என்பது 2024 விசாரணையில் வெளிவந்தது. நம் காண்டாமிருகம் பெருகிவிட்டது என்று கண்ணை மூடிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

தொலைவில் இருக்கும் நமக்கு இதில் என்ன வேலை? நிறைய இருக்கிறது. காசிரங்கா மழைக்காலம் முடிந்து அக்டோபர் வாக்கில் திறக்கும். நம்மூரிலிருந்தும் பலர் போகிறார்கள். போகும்போது பெரிய விடுதிக்குப் பதில் ஊருக்குள் இருக்கும் ஒரு வீட்டில் தங்குங்கள். அவர்கள் சமைத்ததைச் சாப்பிடுங்கள். மிசிங், கார்பி இனப் பெண்கள் தறியில் நெய்ததை விலை பேசிக் குறைக்காமல் வாங்குங்கள். வயலை மேய்ந்த விலங்கால் வீட்டுக்கு வருமானமும் வருகிறது என்று அந்தக் குடும்பத்துக்குத் தெரிய வேண்டும். ஜீப்பில் 'இன்னும் கிட்டப் போங்க அண்ணே' என்று ஓட்டுநரை நெருக்காதீர்கள். எடுத்த படத்தை உடனுக்குடன் இடக்குறிப்போடு வலைத்தளத்தில் போடாதீர்கள். விலங்கு எங்கே நிற்கிறது என்று வேட்டைக் கும்பலுக்கு நாமே சொன்னதாகிவிடும். போனில் இருப்பிடப் பதிவை அணைத்துவிட்டே பூங்காவுக்குள் நுழையுங்கள்.

பணம் கொடுக்க நினைப்பவர்கள், அது எதற்குச் செலவாகிறது என்று கேட்டுக் கொடுங்கள். மழையில் ரோந்து போகும் காவலருக்கு நல்ல பூட்ஸ், கோட்டு, படகுக்கு எஞ்சின், காட்டோர மாடுகளுக்கு அடைப்பான் நோய்த் தடுப்பூசி என்று தெளிவாகப் பதில் சொல்லும் அமைப்புகள் இருக்கின்றன. குவாஹாட்டியின் ஆரண்யக் அவற்றுள் ஒன்று. மாட்டுக்குத் தடுப்பூசி போட்டால் மாடும் பிழைக்கும், அதே புல்வெளியில் மேயும் காட்டு விலங்கும் பிழைக்கும்.

கொம்பு, கொம்பில் செய்த மோதிரம், நாட்டு மருந்து என்று யாராவது காண்டாமிருகத்தின் பெயரைச் சொல்லி விற்றால் பேரம் பேசிப் பார்க்க வேண்டாம். அது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம். வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பணியகத்தின் தென்மண்டல அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது. அவர்களுக்குச் சொல்லுங்கள், இல்லையென்றால் அருகிலுள்ள வனத்துறை அலுவலகத்தில் சொல்லுங்கள்.