ஆடியில் இரண்டு நாள்: அனகாபுத்தூரிலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை

மே மாதம் வந்தால் ஊட்டி, பொங்கல் வந்தால் மாமல்லபுரம் என்று நம் பக்கத்து வீடுகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. காணும் பொங்கலன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் சிக்கியவர்களுக்கு அந்த நாள் எப்படிக் கழியும் என்று தெரியும். கடலைப் பார்த்ததைவிட முன்னால் நின்ற காரின் பின்பக்கத்தைப் பார்த்த நேரம்தான் அதிகம். அதே சாலை ஜூலையிலும் ஆகஸ்டிலும், செவ்வாய், புதன், வியாழன் நாட்களில் காலியாகக் கிடக்கிறது. அனகாபுத்தூர், பம்மல், பொழிச்சலூர், பல்லாவரம் பக்கம் இருப்பவர்கள் இரண்டு நாள் விடுப்பு எடுத்தால் பழைய தோட்டம் ஒன்றையும் கடலோர ஊர்கள் மூன்றையும் நிதானமாகப் பார்த்துவிட்டு வரலாம்.

ஏன் அந்த மாதங்கள்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் நம் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அது முடிந்தபின் கரையில் மீன் வரத்து கூடும். பள்ளிகள் திறந்துவிடுவதால் கூட்டம் வார இறுதியோடு ஒதுங்கிவிடும், அறை வாடகையும் இறங்கும். வெயில் இருக்கும்தான், ஆனால் மே மாதத்துக் கடுமை இராது. நண்பகலை ஒட்டியோ அதற்குச் சற்றுப் பின்னரோ கடல்காற்று கரையேறிவிடும். மாலையில் சில நாட்கள் இடி மழை வரும், பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் ஓயும். அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் கதை வேறு. 2015 டிசம்பரில் அடையாறு நம் தெருக்களுக்குள் வந்ததை அனகாபுத்தூரில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. அந்த மாதங்களில் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

அந்த ஆற்றையே வழித்துணையாக வைத்துக்கொண்டு கிளம்பலாம். அடையாறு மொத்தம் 42 கிலோமீட்டர்தான். ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் நீரில் பிறந்து, நம் ஊரைத் தொட்டு, சைதாப்பேட்டையைக் கடந்து, பிரம்மஞான சபையின் தோட்டத்தை ஒட்டிக் கடலில் சேர்கிறது. நாம் குப்பையும் சாக்கடையும் கலந்து பார்க்கும் ஆறு, கடல்வாயில் அகன்று பறவைகளோடு நிற்பதைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. இது இப்படியும் இருக்கக்கூடிய ஆறுதானே.

போகும் வழியில் சைதாப்பேட்டையில் ஒரு தோட்டம் இருந்தது. இன்று தடயம் இல்லை. கம்பெனிக் காலத்து மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன், 1780களின் இறுதியில் அந்தப் பக்கம் ஒரு சப்பாத்திக்கள்ளித் தோட்டம் போட்டார். கள்ளியில் வாழும் ஒரு சிறு பூச்சியிலிருந்து துணிக்கான சிவப்புச் சாயம் எடுக்கலாம் என்பது திட்டம். எதிர்பார்த்த தரத்தில் சாயம் கிடைக்கவில்லை, தோட்டம் மூடப்பட்டது. அங்கிருந்த செடிகள் பெங்களூர் லால்பாக்குக்குப் போயின. லால்பாக்கைப் பார்த்து வியக்கும் நாம், அதில் ஒரு பங்கு சைதாப்பேட்டையிலிருந்து போனது என்பதையும் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

நெசவாளர் ஊர்க்காரர்களுக்கு அந்தச் சாயத்தின் மீது ஒரு தனி அக்கறை இருக்கும். அனகாபுத்தூர்த் தறிகளில் நெய்த கட்டம்போட்ட 'மெட்ராஸ் கைக்குட்டை' ஒரு காலத்தில் கடல் கடந்து நைஜீரியா வரை விற்றது. அந்தச் சந்தை போனபின் தறிகள் குறைந்தன. இன்று வாழைநார் போன்ற இயற்கை நார்களில் சேலை நெய்வதால் ஊரின் பெயர் மறுபடி வெளியே தெரிகிறது. இந்தப் பயணத்தில் நாம் பார்க்கப் போகிற கோவளத்துக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கும் ஐரோப்பியக் கப்பல்கள் வந்தது முதன்மையாகத் துணிக்காகத்தான்.

முதல் நிறுத்தம் அடையாறு. 1882இல் பிளாவட்ஸ்கி அம்மையாரும் கர்னல் ஆல்காட்டும் ஹட்டில்ஸ்டன் தோட்டம் என்ற ஆற்றங்கரை இடத்தை வாங்கி, பம்பாயிலிருந்த பிரம்மஞான சபையின் தலைமையிடத்தை இங்கே கொண்டுவந்தார்கள். முதலில் 27 ஏக்கர், பின்னர் வாங்கிச் சேர்த்துச் சேர்த்து இன்று 250 ஏக்கருக்கும் மேல். நகரத்தின் நடுவே இவ்வளவு நிழல் வேறெங்கும் கிடைக்காது. எல்லோரும் கேட்பது பெரிய ஆலமரத்தைப் பற்றித்தான். வயது ஏறக்குறைய 450 ஆண்டு என்பார்கள். தாய்மரம் 1989 புயல்காற்றில் சாய்ந்துவிட்டது. இப்போது நிற்பவை அதன் விழுதுகள் ஊன்றி மரங்களானவை. ஒரு காலத்தில் அதன் நிழலில் ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்து கூட்டம் கேட்டிருக்கிறார்கள். ருக்மிணி தேவி 1936இல் தொடங்கிய கலாக்ஷேத்திராவும் இந்த வளாகத்தில்தான் பிறந்தது. இதை ஒட்டிய கடற்கரையில்தான் 1909இல் சிறுவன் ஜே. கிருஷ்ணமூர்த்தியைச் சபையார் கண்டெடுத்தார்கள். 1939இல் நெதர்லாந்திலிருந்து மரியா மாண்டிசோரி வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்ததும் இங்கேதான்.

பார்வையாளர்களுக்குக் காலையில் கொஞ்ச நேரம், பிற்பகலில் கொஞ்ச நேரம் என்றுதான் அனுமதி. ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். கிளம்பும் முன் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். இது பூங்கா அல்ல, தியானம் செய்பவர்கள் வசிக்கும் இடம். கூச்சலும் சாப்பாட்டுப் பொட்டலமும் வெளியே இருக்கட்டும்.

தோட்டத்தின் கடல்பக்கத்து எல்லையில் ஊரூர் ஆல்காட் குப்பம். ஆல்காட்டின் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்ட மீனவர் ஊர். அவர் 1894இல் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காகத் தொடங்கிய இலவசப் பள்ளி இன்றும் அருகில் நடக்கிறது. குப்பத்துக்கு விடியற்காலையில் போனால் படகு கரையேறுவதையும் ஏலம் போவதையும் பார்க்கலாம். தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்தைத் தெண்டி என்றும், வடக்கிலிருந்து தெற்கே வருவதை வன்னி என்றும் இந்தக் கரையின் மீனவர்கள் சொல்கிறார்கள். எந்த வெள்ளத்தில், அதாவது நீரோட்டத்தில், எந்த மீன் படும், எந்தக் காற்றில் கடலுக்குப் போகக்கூடாது என்ற கணக்கு முழுவதும் அவர்கள் தலைக்குள் இருக்கிறது. வலை பின்னிக்கொண்டிருக்கும் ஒரு பெரியவரிடம் "அண்ணே, இன்னைக்கு வெள்ளம் எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள். முகம் மலர்ந்து பேசுவார். கேட்காமல் முகத்துக்கு நேரே கைபேசியை நீட்டினால் பேச்சு நின்றுவிடும்.

அங்கிருந்து திருவான்மியூர் வழியாகத் தெற்கே. வழியில் முட்டுக்காட்டில் தக்ஷிணசித்ரா இருக்கிறது. தென்னிந்தியாவின் பழைய வீடுகளைப் பெயர்த்து வந்து மறுபடி எழுப்பிய இடம், 1996இல் திறந்தது. செவ்வாய்க்கிழமை விடுமுறை.

கோவளம் சின்ன ஊர், வரலாறு பெரியது. 1720களில் ஆஸ்திரியப் பேரரசரின் ஆதரவு பெற்ற ஆஸ்டெண்ட் கம்பெனி இங்கே பண்டகசாலை வைத்துத் துணி வாங்கியது. பிறகு ஆற்காட்டு நவாபின் கோட்டை, அது பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது, 1752இல் கிளைவ் அதைப் பிடித்துத் தகர்த்தார். கோட்டை இருந்த இடத்தில் இன்று நட்சத்திர ஓட்டல் நிற்கிறது. கார்மேல் மாதா தேவாலயத்தைக் கட்டியவர் ஜான் டி மாண்டி என்ற போர்த்துகீசிய வணிகர். ஆழ்வார்பேட்டை 'டிமாண்டி காலனி'க்குப் பெயர் கொடுத்தவர் அவர்தான். பேய்ப்படத்தால் அந்தப் பெயரை அறிந்தவர்கள், கோவளத்தில் அவருடைய கல்லறையைக் காணலாம். நடந்துபோகும் தூரத்தில் தமீம் அன்சாரி தர்கா. கடற்கரை 2021இல் நீலக்கொடிச் சான்று பெற்றது, தமிழ்நாட்டில் அதுவே முதல். உள்ளூர் மீனவ இளைஞர்கள் அலைச்சறுக்கு கற்றுக்கொடுக்கிறார்கள். ஆடி மாதமென்றால் அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றுவார்கள். கேழ்வரகுக் கூழும் கருவாட்டுக் குழம்பும் கிடைத்தால் மறுக்காதீர்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இந்தக் கரை முழுவதும் உள்ளிழுக்கும் நீரோட்டம் உண்டு. மேலே அலை சாதுவாகத் தெரியும், அடியில் கால் நிற்காது. ஆண்டுதோறும் இளம்பிள்ளைகள் பலியாகிறார்கள். உயிர்க்காவலர் நிற்கும் பகுதி தவிர எங்கும் கடலில் இறங்க வேண்டாம். அன்று காலை மீனவர்களே படகை இறக்கவில்லை என்றால் அதற்கு மேல் எச்சரிக்கை தேவையில்லை.

இரவுக்கு மாமல்லபுரம். எல்லோரும் பார்த்த ஊர் என்பதால் நீட்டவில்லை. பார்க்காமல் விட்டிருக்கக்கூடியது, அதற்குச் சற்று முன் புலிக்குகையை ஒட்டிய சாளுவன்குப்பத்துச் செங்கல் முருகன் கோயில். 2004 சுனாமிக்குப் பிறகு வெளிப்பட்ட கல்வெட்டைத் தொடர்ந்து தோண்டியபோது மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தது.

மறுநாள் காலை சதுரங்கப்பட்டினம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் அண்டையில். பதினான்காம் நூற்றாண்டில் சம்புவராய மன்னரின் பெயரால் ராஜநாராயணன் பட்டினம் என்று வழங்கிய துறைமுகம் இது. பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் வந்து, இங்கிருந்து மெல்லிய பருத்தித் துணியைக் கப்பலேற்றினார்கள். செங்கல்லில் கோட்டை கட்டினார்கள். 1782 பிப்ரவரி 17 அன்று இந்த ஊருக்கு எதிரே நடுக்கடலில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனும் ஆங்கிலத் தளபதி ஹியூசும் மோதினார்கள். 1824 உடன்படிக்கையின்படி ஊர் ஆங்கிலேயர் கைக்கு நிரந்தரமாகப் போனது.

கோட்டைக்குள் நுழைந்தால் நீண்ட பண்டகசாலைகளின் சுவர்களும், யானை ஏறுவதற்கான சாய்தளமும், ஒரு சின்னக் கல்லறைத் தோட்டமும் இருக்கின்றன. கல்லறைப் பலகைகளில் டச்சு எழுத்துகளும் குலச் சின்னங்களும் ஆழமாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. அந்தப் பகுதி பூட்டியிருந்தால் தொல்லியல் துறைக் காவலரிடம் கேளுங்கள், திறந்துவிடுவார். மதில் மேல் நின்றால் கடல் எதிரே. துணி மூட்டைகளை அடுக்கிய அந்தக் கூடங்களில், நம் ஊரைப் போன்ற எத்தனை தறி ஊர்களின் உழைப்பு கப்பலுக்குக் காத்துக் கிடந்திருக்கும்.

திரும்பும் வழியைச் சொல்லாமல் விட முடியாது. வந்த சாலையிலேயே திரும்பாதீர்கள். சதுரங்கப்பட்டினத்தில் தொடங்கும் மாநில நெடுஞ்சாலை 58, திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு வழியாகக் காஞ்சிபுரம் போகிறது. துறைமுகத்தையும் பட்டு நெசவு ஊரையும் இணைக்கும் தடம் அது. செங்கல்பட்டில் ஜி.எஸ்.டி. சாலையைப் பிடித்தால் தாம்பரம், பல்லாவரம் வழியாக வீடு. வண்டி இல்லாதவர்களுக்கு, தாம்பரத்திலிருந்து கோவளம் வழியாக மாமல்லபுரத்துக்கு 515 பேருந்து இருக்கிறது. கல்பாக்கம் பக்கம் போக மாமல்லபுரத்தில் மாறிக்கொள்ளலாம்.

ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும் என்றால் மாமல்லபுரத்தை விட்டுவிடுங்கள். காலையில் அடையாறு ஆலமரம், பிற்பகலில் சதுரங்கப்பட்டினம் கோட்டை. நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் இருந்தால் அவர்களை அழைத்துக்கொண்டு போங்கள்.