கரன்ட் சேவைக்கு மார்க் போடுவது யார்?

நெமிலியில் ஒரு மளிகைக்கடை பிடிக்கவில்லை என்றால் அடுத்த கடைக்குப் போகலாம். கரன்ட்டுக்கு அது முடியாது. வீடுகளுக்குத் தருவது ஒரே அரசு நிறுவனம்தான். பிரிட்டனில் மின் நிறுவனத்தை நாமே மாற்றலாம். எத்தனை பேர் மாறினார்கள் என்பதையும் பார்த்துதான் அங்குள்ள ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் சந்தையை எடைபோடுகிறது.

இங்கே தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் அளவுகோல் வேறு. எத்தனை முறை, எவ்வளவு நேரம் கரன்ட் போனது? புது இணைப்பும் புகாருக்குத் தீர்வும் கெடுவுக்குள் கிடைத்ததா? தவறினால் இழப்பீடு பெற, மின்சாரச் சட்டம் 2003 வழிசெய்கிறது.

லைன்மேனிடம் வாய்வார்த்தையாகச் சொன்னால் கையில் ஆதாரம் இருக்காது. மின்னகத்துக்கு (94987 94987) போன் செய்து, புகார் எண்ணைத் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். தீர்வு இல்லையா? மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்துக்கும், அடுத்து மின் குறைதீர்ப்பாளரிடமும் போகும்போது அந்த எண் கைகொடுக்கும்.