ஜெர்மனியில் எம்.எஸ்.: கணக்கை முதல்ல நாமே போட்டுப் பார்ப்போம்

போன ஆகஸ்ட்ல ஒரு சனிக்கிழமை, அரக்கோணத்தில் லோக்கல் ட்ரெய்ன் பிடிச்சு நானும் அப்பாவும் சென்னைக்குப் போனோம். வெளிநாட்டுப் படிப்புக்கு வழிகாட்டும் ஒரு கன்சல்டன்சி ஆபீஸ். ஏசி, காபி, சுவர் முழுக்கக் கொடிகள். கவுன்சலிங் இலவசம்னு சொன்னாங்க. அரை மணி நேரத்தில் ஆறு யுனிவர்சிட்டி பேர் எழுதிக் கொடுத்தாங்க. எல்லாமே இங்கிலாந்து, அயர்லாந்து. செலவு எவ்வளவு ஆகும்னு அப்பா கேட்டார். பதிலைக் கேட்டதும் காபியை அப்படியே கீழே வைத்துவிட்டார். "ஜெர்மனி எப்படி?" என்று நான் கேட்டேன். "சிஜிபிஏ 7.8 தானே? அங்கே கிடைக்காது" என்றார்கள்.

திரும்பும்போது திருவள்ளூர் தாண்டும் வரை அப்பா பேசவே இல்லை. அப்புறம் கேட்டார்: "ஃப்ரீன்னா, அவங்களுக்குச் சம்பளம் யாருப்பா குடுக்கறது?"

அந்தக் கேள்விக்கு விடை தேடினப்போ தெரிஞ்சுக்கிட்டதைத்தான் இங்கே எழுதறேன். தேர்ட் இயர் ஜூனியர்ஸ் கட்டாயம் படிங்க.

யாரோட காசு?

பல வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள், மாணவரைச் சேர்த்துவிடும் ஏஜென்ட்டுக்கு கமிஷன் கொடுக்கும். நாம கட்டும் ட்யூஷன் ஃபீஸில் ஒரு பங்கு அது. ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைகளில் ட்யூஷன் ஃபீஸே கிடையாது. ஃபீஸ் இல்லாத இடத்தில் கமிஷன் எங்கிருந்து வரும்? இதனால எல்லா கன்சல்டன்சியும் ஏமாத்துதுன்னு அர்த்தமில்லை. ஆனா அவங்க கொடுக்கும் பட்டியலில் எது இருக்கு, எது இல்லைன்னு பார்க்கும்போது இதை மனசில் வெச்சுக்கணும்.

7.8 அங்கே எவ்வளவு?

ஜெர்மனியில் 1.0 தான் டாப் மார்க், 4.0 வந்தால் ஜஸ்ட் பாஸ். நம்ம சிஜிபிஏவை அதற்கு மாற்ற ஒரு ஃபார்முலா இருக்கு. பவேரியன் ஃபார்முலா என்பார்கள். 10-லிருந்து உங்க சிஜிபிஏவைக் கழிங்க. அதை, 10-லிருந்து பாஸ் கிரேடைக் கழித்து வரும் எண்ணால் வகுங்க. 3-ஆல் பெருக்கி, 1-ஐக் கூட்டுங்க. அவ்வளவுதான்.

அண்ணா பல்கலையின் 2021 ரெகுலேஷனில் பாஸ் கிரேடு 5. என் கணக்கு: 2.2-ஐ 5-ஆல் வகுத்தால் 0.44. மூன்றால் பெருக்கினால் 1.32. ஒன்றைக் கூட்டினால் 2.32. பல கோர்ஸ்களில் 2.5 வரை அப்ளை பண்ண விடுகிறார்கள். "கிடைக்காது" என்று சொன்ன இடத்தில் எனக்கு வாசல் திறந்துதான் இருந்தது!

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. 2017 ரெகுலேஷன் சீனியர்களுக்குப் பாஸ் கிரேடு 6. அதே 7.8 அவர்களுக்கு 2.65 ஆகிவிடும். அதனால் உங்க ரெகுலேஷனில் பாஸ் கிரேடு என்னன்னு முதலில் பாருங்க.

மார்க் மட்டும் போதாது

பி.இ.யில் படித்த பாடங்கள் அங்குள்ள மாஸ்டர்ஸோடு பொருந்தணும். கணிதத்தில் இத்தனை கிரெடிட், கோர் பாடங்களில் இத்தனை கிரெடிட் என்று கேட்பார்கள். மெக்கானிக்கல் படித்துவிட்டு டேட்டா சயின்ஸுக்குப் போட்டால் நல்ல மார்க் இருந்தும் ரிஜெக்ட் ஆகலாம். எட்டு செமஸ்டர் சிலபஸையும் இப்பவே பிடிஎஃப்பாக எடுத்து வையுங்க. டிஏஏடி தளத்தில் ஆங்கிலவழி கோர்ஸ்களைத் தேடலாம். நிறைய பல்கலைகள் யூனி-அசிஸ்ட் மூலமா விண்ணப்பம் வாங்குகின்றன. அதற்கு முதல் விண்ணப்பம் 75 யூரோ, அதே செமஸ்டரில் அடுத்தடுத்தது 30 யூரோ.

வீட்டில் பேச வேண்டிய கணக்கு

ஃபீஸ் இல்லைன்னா செலவே இல்லைன்னு நினைச்சுடாதீங்க. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் நம்மைப் போன்ற வெளிநாட்டு மாணவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலையும் 2024 முதல் ஃபீஸ் வாங்குது. எங்கே சேர்ந்தாலும் விசாவுக்கு பிளாக்டு அக்கவுன்ட் வேணும். 2024 செப்டம்பர் முதல் அதில் 11,904 யூரோ போட்டுக் காட்டணும். ஒரு யூரோ 100 ரூபாய் என்று தோராயமாக வைத்தால் ஏறக்குறைய 12 லட்சம். இது நம்ம பணம்தான். அங்கே போனதும் மாதம் 992 யூரோவாக நமக்கே திரும்ப வரும். ஆனா போறதுக்கு முன்னாடி மொத்தமா கையில் இருக்கணும்.

எஜுகேஷன் லோன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் அரசு வங்கிகள் பொதுவாகச் சொத்தை அடமானமாகக் கேட்கும். எங்க வீட்டில் பேச்சு நின்றது இங்கேதான். இருப்பது ஒரே வீடு, ஒரே பத்திரம். இந்தக் கணக்கையெல்லாம் ஒரே தாளில் எழுதி அப்பாவிடம் காட்டினேன். ரெண்டு நாள் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். மூணாம் நாள், "இந்தத் தொகைன்னா பத்திரத்தை வைக்கலாம். மீட்டுடலாம்" என்றார். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்கள் லோனுக்கு முன்னால் தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்தையும் மத்திய அரசின் நேஷனல் ஓவர்சீஸ் ஸ்காலர்ஷிப்பையும் பாருங்க.

பதினாலு மாசம்

ராமானுஜன் சென்னை துறைமுக ஆபீஸிலிருந்து ஹார்டிக்குக் கடிதம் எழுதியது 1913 ஜனவரி 16. கேம்பிரிட்ஜ் போகக் கப்பல் ஏறியது 1914 மார்ச் 17. இடையில் பதினாலு மாதம். அவருக்கே அவ்வளவு ஆச்சு!

நமக்கும் கிட்டத்தட்ட அதே கணக்குதான். ஜெர்மனியில் வின்டர் செமஸ்டர் அக்டோபரில் ஆரம்பம். அதுக்கு முந்தின ஆகஸ்டிலேயே வேலையைத் தொடங்கணும். ஐஇஎல்டிஎஸ், டிரான்ஸ்கிரிப்ட், அப்புறம் ஏபிஎஸ். நம்ம சான்றிதழ்கள் உண்மையானவையா என்று சரிபார்க்கும் இந்த ஏபிஎஸ் 2022 நவம்பர் 1 முதல் கட்டாயம். கட்டணம் 18,000 ரூபாய். ஒவ்வொரு காகிதமும் முந்தின காகிதத்துக்காகக் காத்திருக்கும். ஒண்ணு லேட்டானா எல்லாம் லேட்.

எஸ்ஓபியில் என்ன எழுதுவது?

"சின்ன வயசிலிருந்தே மெஷின் என்றால் உயிர்" என்று தொடங்காதீங்க. ராமானுஜன் கடிதத்தையே பாருங்க. வருஷத்துக்கு 20 பவுண்டு சம்பளம் வாங்கும் கிளார்க், பல்கலைப் படிப்பு இல்லை என்று ரெண்டு வரியில் உண்மையைச் சொல்லிவிட்டு, மீதியில் தான் கண்டுபிடித்த தேற்றங்களைப் பக்கம் பக்கமாக வைத்தார். கேம்பிரிட்ஜிலேயே பேக்கர், ஹாப்ஸன் என்ற ரெண்டு பேர் அவருக்குக் கைகொடுக்கவில்லை. ஹார்டி கைகொடுத்தார்.

நம்மகிட்ட தேற்றம் இல்லை. ஆனா ஒரு ப்ராஜெக்ட் இருக்கு. அதில் எது வேலை செய்யலை, ஏன், அடுத்து என்ன பண்ணினோம் என்று எழுதினால் அதுவே ஆதாரம். எல்ஓஆர் கேட்கும்போதும் சாரிடம் வெறுங்கையோடு போகாமல், அவர்கிட்ட செய்த வேலையை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்க.

நான் நாலு இடத்துக்கு அனுப்பினேன். ஒன்றில் ரிஜெக்ட். மூன்றில் இன்னும் பதில் வரலை. கிடைக்குமா தெரியாது. ஆனா வீட்டுப் பத்திரம் எதுக்காகப் போகுது, எவ்வளவுக்குப் போகுதுன்னு எங்க வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

கன்சல்டன்சிக்குப் போங்க, தப்பில்லை. போறதுக்கு முன்னாடி ஒரு தாளும் பேனாவும் எடுத்து அந்த ஃபார்முலாவை ஒரு தடவை போட்டுட்டுப் போங்க.