உங்களுக்குத் தெரியுமா? – ரோமாபுரியில் ஓர் ஆண்ட்வெர்ப் சித்திரக்காரர்

1684-இல் ஆண்ட்வெர்ப் துறைமுக நகரில் பிறந்து, இளமையிலேயே ரோமாபுரிக்குச் சென்று, 1763-இல் அங்கேயே மறைந்த ஹென்ட்ரிக் பிரான்ஸ் வான் லிண்ட், காட்சியை நேரில் கண்டு நுணுக்கமாகக் கோட்டுச் சித்திரம் வரைந்து பழகும் வழக்கத்தை விடாப்பிடியாகக் கொண்டிருந்தமையால், சக கலைஞர்கள் அவருக்கு ‘ஸ்டூடியோ’ (இத்தாலிய மொழியில் ‘பயிலுதல்’) என்றே பட்டம் சூட்டினர். அவரும் அதைத் தம் கையொப்பத்தோடு சேர்த்துக்கொண்டார். அத்தகைய மனிதர், வெனிஸ் நகரத்துக் கடல்முகக் காட்சிகளை டச்சு ஓவியர் காஸ்பர் வான் விட்டெல் வகுத்த அமைப்பைப் பின்பற்றித் தீட்டியது விசித்திரந்தான். ஆனால் அக்காலத்தில் அதை யாரும் தோஷமாகக் கருதவில்லை. வண்ணத்தை உறிஞ்சாத, வழவழப்பான செப்புத் தகட்டின்மீதும் அவர் படங்கள் தீட்டினார். அத்தகட்டில் மெல்லிய தூரிகையின் ஒற்றைக் கீற்றுங்கூடச் சிதையாமல் நிற்கும்.