வெற்றிலையா, மணி பிளாண்ட்டா?

உங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் வெற்றிலைக் கொடியும் மணி பிளாண்ட்டும் அருகருகே வளர்கின்றனவா? இரண்டும் பற்றிப் படரும் கொடிகள். இரண்டின் இலைகளும் இதய வடிவம் கொண்டவை. வெற்றிலை உண்ணத்தக்கது. மணி பிளாண்ட் இலையை வாயில் வைக்கவே கூடாது.

(உண்ணத்தக்கது என்பது இலைக்கு மட்டும்தான். பாக்கோ புகையிலையோ சேர்த்து மென்றால் வாய்ப் புற்றுநோய் வரும் அபாயம் உண்டு.)

மணி பிளாண்ட்டின் இலையிலும் தண்டிலும் கால்சியம் ஆக்சலேட் என்ற பொருள், கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய ஊசிகளாக நிறைந்திருக்கிறது. இலையைக் கடித்தால் அவை நாக்கிலும் உதட்டிலும் தைக்கும். வாய் எரியும், வீங்கும், எச்சில் வடியும், விழுங்கச் சிரமமாக இருக்கும். இந்த ஊசிகள் தண்ணீரில் கரைவதில்லை. ஆகவே, கஷாயமாகக் கொதிக்க வைத்தாலும் பாதுகாப்பில்லை. பேரப்பிள்ளையின் சளிக்கு இலை பறிக்கும்போது கூடுதல் கவனம் தேவை. மங்கிய வெளிச்சத்தில், கண்ணாடி அணியாமல் பறிக்காதீர்கள்.

எப்படி அடையாளம் காண்பது?

நிறத்தை நம்ப வேண்டாம். மணி பிளாண்ட் இலையில் வழக்கமாகக் காணும் மஞ்சள் திட்டுகள், வெளிச்சம் குறைந்த இடத்தில் மங்கிவிடும். அப்போது இலை முழுப் பச்சையாகத் தெரியும்.

நரம்புகளைப் பாருங்கள். வெற்றிலையில், காம்பு சேரும் இடத்துக்கு அருகிலிருந்து ஐந்து முதல் ஏழு நரம்புகள் விரிந்து, வளைந்து, நுனியை நோக்கிச் செல்லும். மணி பிளாண்ட்டில் நடுவே ஒரு தடித்த நரம்பு மட்டுமே எடுப்பாகத் தெரியும். அதன் இலை தடிமனாகவும், மெழுகு பூசியதுபோலவும் இருக்கும். புதுத் தளிர் பாயைச் சுருட்டியதுபோல் வெளிவரும்.

வெற்றிலையைக் கசக்கினால் காரமான மணம் வீசும். மணி பிளாண்ட்டில் அந்த மணம் இல்லை. ஆனால், வயதாகும்போது முகரும் திறன் குறைவதுண்டு. சளி பிடித்திருந்தால் சொல்லவே வேண்டாம். அதனால் மணத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். நாக்கில் வைத்துச் சோதிக்கவே வேண்டாம். மணி பிளாண்ட்டின் சாறு தோலில் பட்டால் அரிக்கலாம். சோப்புப் போட்டுக் கைகளைக் கழுவுங்கள்.

இரண்டு செடிகளையும் தள்ளித் தள்ளி வையுங்கள். மணி பிளாண்ட் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். அதைத் தண்ணீரில் வளர்த்தால், ஏடிஸ் கொசு பெருகாமல் இருக்க ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீரை மாற்றுங்கள்.

தவறிக் கடித்துவிட்டால்

வாயில் உள்ளதைத் துப்பி, குளிர்ந்த நீரால் நன்றாகக் கொப்பளியுங்கள். வாந்தி எடுக்க முயலாதீர்கள். கண்ணில் சாறு பட்டால், 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவுங்கள். எரிச்சல் தணியாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். மூச்சுத் திணறினாலோ, தொண்டை வீங்கினாலோ, விழுங்க முடியாவிட்டாலோ காத்திருக்காமல் 995 என்ற எண்ணை அழையுங்கள். கடித்த இலையில் மீதியிருப்பதை ஒரு பையில் போட்டு உடன் எடுத்துச் செல்லுங்கள்.