அந்தப்புரத்தில் அழுத குழந்தை

நள்ளிரவு. திருவண்ணாமலை அரண்மனையில் விளக்குகள் அணைந்துவிட்டன. அந்தப்புரத்தில் ஒரே ஓர் அறையில் மட்டும் வெளிச்சம்.

அறைக்குள்ளே இளைய ராணி. பட்டு உடுத்தி, பூச்சூடி, நகை அணிந்து நிற்கிறாள். எதிரே கட்டிலில், முன்பின் தெரியாத ஒரு சிவனடியார் கண்மூடிப் படுத்திருக்கிறார்.

மன்னன் அங்கே இல்லை. அரண்மனையின் வேறொரு பக்கத்தில் தூக்கம் இல்லாமல் தவித்துக் கொண்டிருக்கிறான். ராணியை அந்த அறைக்குள் அனுப்பியது வேறு யாரும் அல்ல. அவனேதான்!

திடீரென்று அந்த அறையிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. பச்சைக் குழந்தை அழும் சத்தம்!

குழந்தையே இல்லாத அரண்மனையில் குழந்தை எப்படி அழுதது?

இது வல்லாள மகாராஜாவின் கதை. எல்லப்ப நாவலர் பாடிய அருணாசல புராணத்தில் இருக்கிறது. திருவண்ணாமலைப் பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டால், புராணத்தைப் புரட்டாமலே சொல்லிவிடுவார்கள்.

கதை புராணம். ஆனால் மன்னன் கற்பனை அல்ல. அவனுக்குக் கல்வெட்டு உண்டு, சரித்திரம் உண்டு. அவன் முடிவை எழுதி வைத்த வெளிநாட்டுப் பயணி ஒருவரும் உண்டு.

மலையடிக்கு வந்த மன்னன்

மூன்றாம் வீர வல்லாளன் என்பது சரித்திரத்தில் அவன் பெயர். ஹொய்சள வம்சம். இன்றைய கர்நாடகத்தில் உள்ள ஹளேபீடுதான் அவர்களுடைய தலைநகர். அன்று அதற்குத் துவாரசமுத்திரம் என்று பெயர். பேலூரிலும் ஹளேபீட்டிலும் கல்லில் பூ வேலை செய்தாற்போலக் கோயில் கட்டியவர்கள் இவர்கள்தான்.

வல்லாளன் 1292-ம் ஆண்டு வாக்கில் அரியணை ஏறினான். அவன் காலம் நல்ல காலமாக இல்லை. 1311-ல் டில்லி சுல்தான் அலாவுதீன் கில்ஜியின் தளபதி மாலிக் காபூர் படையோடு வந்தான். வல்லாளன் பணிந்து போக வேண்டியதாயிற்று. 1327 வாக்கில் முகமது பின் துக்ளக்கின் படை வந்து, துவாரசமுத்திரத்தையே பாழாக்கிவிட்டுப் போனது.

வேறொருவனாக இருந்தால் அதோடு ஓய்ந்திருப்பான். வல்லாளன் ஓயவில்லை. தெற்கே வந்தான். திருவண்ணாமலையைத் தலைநகர் ஆக்கிக் கொண்டான். "உண்ணாமலைப் பட்டணத்திலிருந்து ஆட்சி செய்கிறான்" என்று கன்னடக் கல்வெட்டுக்கள் அவனைக் குறிக்கின்றன.

அண்ணாமலையார் கோயிலில் ராஜகோபுரத்தைத் தாண்டி உள்ளே போனால் இன்னொரு கோபுரம் வரும். அதற்கு வல்லாள கோபுரம் என்றே பெயர். அவன் கட்டியதுதான் அது. அவன் வாழ்ந்த அரண்மனை இன்று இல்லை. கோபுரம் நிற்கிறது.

இரண்டு ராணிகள்

புராணக் கதைப்படி வல்லாளனுக்கு இரண்டு மனைவிகள். மூத்தவள் மல்லமாதேவி. இளையவள் சல்லமாதேவி.

நாடு இருந்தது. படை இருந்தது. யானையும் குதிரையும் இருந்தன. தொட்டில் மட்டும் ஆடவில்லை.

அந்தக் காலத்து அந்தப்புரங்களில் இது சின்ன விஷயம் அல்ல. மன்னனுக்கு மகன் இல்லை என்றால் நாளை நாடு யாருக்கு? அவன் கண் மூடினால் ராணிகளின் கதி என்ன? கொள்ளி வைக்க யார்?

துருக்கி சுல்தான்களின் அந்தப்புரத்தைப் பற்றிப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். இஸ்தான்புல் நகரத்து அரண்மனையில் அந்தப்புரத்துக்கு "ஹாரெம்" என்று பெயர். அங்கே தலைவலி நேர்மாறானது. பிள்ளைகள் அதிகம்! ஒவ்வொரு தாய்க்கும் தன் மகன் பட்டம் ஏற வேண்டும் என்ற கவலை. மற்றவள் மகன் ஏறிவிட்டால் தன் மகன் உயிருக்கு ஆபத்து என்ற பயம்.

அடிமைப் பெண்ணாக வந்து, சுலைமான் சுல்தானையே மணந்தவள் ஹுர்ரம். அவளுடைய சூழ்ச்சியால்தான் வேறொருத்தியின் மகனான முஸ்தபா 1553-ல் கொல்லப்பட்டான் என்று பேச்சு உண்டு. 1595-ல் மூன்றாம் முகமது பட்டம் ஏறியதும், தன் சகோதரர்கள் 19 பேரைக் கொன்றுவிடும்படி உத்தரவிட்டான். பத்தொன்பது பேர்!

அங்கே பிள்ளைகள் இருந்ததால் கண்ணீர். திருவண்ணாமலையில் பிள்ளை இல்லாததால் கண்ணீர்.

வல்லாளன் ஒரு முடிவுக்கு வந்தான். தருமம் செய்தால் பிள்ளை வரம் கிடைக்கும் என்று சொன்னார்கள். "யார் வந்து எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்ல மாட்டேன்" என்று விரதம் எடுத்துக் கொண்டான். ஊரெங்கும் அதைத் தெரியப்படுத்தினான்.

விபரீதமான விருந்தாளி

ஒரு நாள் ஒரு சிவனடியார் வந்தார். ஜங்கமர் கோலம். நல்ல அழகர். மன்னன் எழுந்து வணங்கினான். "என்ன வேண்டும் சுவாமி?" என்று கேட்டான்.

"இன்றிரவு எனக்குத் துணையாக ஒரு பெண் வேண்டும்" என்றார் அடியார்.

சபை திடுக்கிட்டது. ஆனால் மன்னன் கொடுத்த வாக்கு கொடுத்ததுதான். அந்தக் காலத்தில் ஊரில் கணிகையர் தெரு என்று தனியாக இருந்தது. பொன்னும் பொருளும் கொடுத்து ஒருத்தியை அழைத்து வரும்படி ஆள் அனுப்பினான்.

போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். அன்று பார்த்து எல்லா வீடுகளிலும் வெளியூர் அடியார்கள் வந்து தங்கிவிட்டார்களாம்! ஒருத்தியும் வரத் தயாராக இல்லை. அமைச்சர் போய்ப் பேசினார். பலிக்கவில்லை.

வந்தவர் சிவபெருமான். கணிகையர் வீடுகளில் தங்கியவர்கள் அவருடைய பூதகணங்கள். இது கதை கேட்கிறவர்களுக்குத் தெரியும். பாவம், மன்னனுக்குத் தெரியாது!

நேரம் ஆகிறது. அடியார் காத்திருக்கிறார். மன்னன் அந்தப்புரத்துக்குள் போனான். அங்கே சல்லமாதேவி இருந்தாள்.

இந்த இடத்தில் கதை சொல்கிறவர்கள் இரண்டு விதமாகச் சொல்வார்கள். மன்னன் வெட்கத்தை விட்டு அவளைக் கேட்டான், அவள் இசைந்தாள் என்பது ஒரு விதம். மன்னன் முகம் வாடியதைப் பார்த்து அவளே முன்வந்தாள் என்பது இன்னொரு விதம்.

எப்படி இருந்தாலும் ஒன்று உண்மை. கொடுப்பதாக வாக்களித்தவன் மன்னன். அதைக் காப்பாற்றப் புறப்பட்டவள் ராணி. வாக்குக் கொடுத்தபோது யாரும் அவளைக் கலந்து கொள்ளவில்லை. ஊரார் "வள்ளல் வல்லாளன்" என்று மன்னனைப் புகழ்கிறார்கள். புகழட்டும். அன்று இரவு அந்த அறையின் வாசற்படியைத் தாண்டிய கால்கள் யாருடையவை என்பதையும் கதை கேட்கிறவர்கள் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம்.

அவள் சேடிகள் அவளை அலங்கரித்தார்கள். அப்போது அவர்கள் என்ன பேசிக் கொண்டிருப்பார்கள்? மூத்தவள் மல்லமாதேவி எங்கே உட்கார்ந்திருந்திருப்பாள்? தெருக்கூத்தாக ஆடினால், மற்றப் போர்க் காட்சிகளை எல்லாம் தூக்கி அடிக்கக்கூடிய கட்டம் இது.

சல்லமாதேவி உள்ளே போனாள். அடியார் கண் திறக்கவில்லை. பாடிப் பார்த்தாள். யாழ் மீட்டிப் பார்த்தாள். அவர் அசையவில்லை. இரவு போய்க் கொண்டிருந்தது. விடிந்துவிட்டால் மன்னன் வாக்குப் பொய்த்துவிடும்.

கடைசியில், மனத்தைத் திடப்படுத்திக் கொண்டு அவர் மேல் கையை வைத்தாள்.

கையில் இருந்தது ஒரு குழந்தை! வீறிட்டு அழுதது.

மன்னன் ஓடி வந்தான். மூத்த ராணியும் ஓடி வந்தாள். சல்லமாதேவி குழந்தையை நீட்டினாள். மன்னன் வாங்கி மார்போடு அணைத்தான். உச்சி முகர்ந்தான். அந்தச் சந்தோஷம் ஒரு நாழிகைகூட நீடிக்கவில்லை. குழந்தை மறைந்தது.

விடைமேல் அம்மையோடு காட்சி கொடுத்தார் அண்ணாமலையார். "மகன் இல்லையே என்று வருந்தாதே. நானே உனக்கு மகன். உன் காலம் முடிந்ததும், மகன் செய்ய வேண்டிய கடனை நானே செய்வேன்" என்றார்.

கல்வெட்டு சொல்லும் மகன்

இங்கே ஒரு வேடிக்கை. வல்லாளனுக்கு மகன் இல்லை என்பது புராணம். மகன் இருந்தான் என்பது சரித்திரம்!

விருபாட்சன் என்பது அவன் பெயர். மாலிக் காபூர் வந்து போன பிறகு, டில்லிக்கு அனுப்பி வைக்கப்பட்டவன் இவன்தான். 1313-ல் அவன் திரும்பி வந்தான். தந்தைக்குப் பிறகு நான்காம் வல்லாளன் என்று முடி சூட்டிக் கொண்டதும் அவனே. மூன்று ஆண்டுக்குள் அவனோடு ஹொய்சள ஆட்சி முடிந்துவிட்டது.

ஆனால் திருவண்ணாமலையில் விருபாட்சனை நினைப்பவர் யார்? ஊருக்குத் தெரிந்த மகன் ஒருவனே. அந்தப்புரத்தில் ஓர் இரவு அழுத குழந்தை.

மதுரை அரண்மனைச் சூழ்ச்சிகள்

வல்லாளனின் முடிவு மதுரையிலிருந்து வந்தது.

அப்போது மதுரையில் சுல்தான்கள் ஆட்சி. டில்லிக்காக மதுரையை நிர்வகித்து வந்த ஜலாலுதீன் அசன் ஷா, 1335 வாக்கில் தானே சுல்தான் என்று அறிவித்துக் கொண்டான். அந்த அரியணை யாருக்கும் ராசி இல்லை. அசன் ஷா கொல்லப்பட்டான். அடுத்து வந்தவன், போரில் தண்ணீர் குடிக்கத் தலைக்கவசத்தைத் தூக்கினான். அம்பு பாய்ந்து செத்தான். அவன் மருமகனுக்கு வாய்த்தது 40 நாள் ஆட்சி. அவனையும் கொன்றுவிட்டார்கள்.

பிறகு வந்தவன் கியாசுதீன். அசன் ஷாவின் மகளை மணந்தவன். அசன் ஷாவின் இன்னொரு மகள் யாருக்கு வாழ்க்கைப்பட்டாள் தெரியுமா? மொராக்கோ நாட்டிலிருந்து உலகம் சுற்ற வந்த இபின் பதூதாவுக்கு! உலகப் புகழ் பெற்ற அந்தப் பயணியும் மதுரைச் சுல்தானும் சகலைகள். வல்லாளன் முடிவு நமக்கு விவரமாகத் தெரிவது, இந்தச் சகலை எழுதி வைத்த குறிப்பால்தான்.

1342-ம் ஆண்டு வாக்கில் வல்லாளன் பெரும் படையோடு கண்ணனூர்க் கொப்பத்தை முற்றுகை இட்டான். சமயபுரத்துக்கு அருகே உள்ள இடம் அது. உள்ளே மதுரைச் சுல்தானின் படை. பல மாதம் கடந்தது. கோட்டைக்குள் உணவு தீர்ந்து கொண்டிருந்தது. "சரண் அடைந்தால் உயிரோடு போகலாம்" என்றான் வல்லாளன். "சுல்தானைக் கேட்டுச் சொல்கிறோம்" என்றார்கள். வல்லாளன் 14 நாள் தவணை கொடுத்தான்.

கேட்டவனுக்கு இல்லை என்று சொல்லாத குணம் போர்க்களத்திலும் போகவில்லை போலும்!

கியாசுதீன் அந்தத் தவணைக்குள் படையோடு பாய்ந்து வந்தான். மத்தியான நேரம். வல்லாளன் படையினர் இளைப்பாறிக் கொண்டிருந்தார்கள். குதிரைகள் மேய்ச்சலில் இருந்தன. வந்தவர்கள் கொள்ளைக்காரர்கள் என்று நினைத்துவிட்டார்கள். சில நிமிஷங்களில் பாசறை சிதறியது.

வல்லாளனுக்கு அப்போது வயது 80. குதிரையில் ஏற முயன்றான். சுல்தானின் அண்ணன் தம்பி வழி மகன் நாசிருதீன் அவனைப் பிடித்தான். கிழவன் யார் என்று தெரியாமல் வெட்டப் போனான். "அவர்தான் மன்னர்" என்று ஓர் அடிமை சொன்னதால் வாள் நின்றது.

விட்டுவிடுவதாக ஆசை காட்டினார்கள். அவனுடைய யானை, குதிரை, செல்வம் எல்லாவற்றையும் வாங்கிக் கொண்டார்கள். பிறகு கொன்றார்கள். தோலை உரித்து, வைக்கோல் அடைத்து, மதுரைக் கோட்டைச் சுவரில் தொங்கவிட்டார்கள். "அதை என் கண்ணால் பார்த்தேன்" என்ற பொருள்பட எழுதியிருக்கிறார் இபின் பதூதா. மைத்துனி வீட்டு விருந்தாளியாக வந்தவர் பார்த்த காட்சி அது!

அந்த வெற்றி கியாசுதீனுக்கும் நிலைக்கவில்லை. மாலத்தீவு அரசியின் உடன்பிறந்தாளைக் கலியாணம் செய்துகொண்டு தீவையும் சேர்த்துக் கொள்ளலாம் என்று சகலைகள் இருவரும் திட்டம் போட்டார்கள். அது நடக்கவில்லை. யோகி ஒருவன் செய்து கொடுத்த வீரிய மாத்திரையைக் கியாசுதீன் அளவுக்கு மீறி விழுங்கினான். அதில் இரும்புத்தூள் இருந்ததாம். நோயில் விழுந்தான், மாண்டான்.

அடுத்துப் பட்டம் ஏறியவன், வல்லாளனைப் பிடித்த அதே நாசிருதீன். ஏறியதும் முதல் காரியமாகத் தன் அத்தை மகனைக் கொன்றான். செத்தவன் மனைவியை மணந்துகொண்டான். அவள் வேறு யாரும் அல்ல, கியாசுதீனின் மகள்தான். அந்தப் பெண்ணை யாராவது ஒரு வார்த்தை கேட்டிருப்பார்களா?

1371 வாக்கில் விஜயநகர இளவரசன் குமார கம்பணன் மதுரையை வென்றான். அந்தப் போரைக் காவியமாகப் பாடியவள் அவன் மனைவி கங்காதேவி. "மதுரா விஜயம்" என்பது நூலின் பெயர். மற்ற ராணிகளைப் பற்றிப் பிறர் எழுதினார்கள். இந்த ராணி தானே எழுதினாள்.

மாசி மகத்தில் திதி

அண்ணாமலையார் கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று?

தைப்பூசத்தன்று சுவாமி ஈசானிய குளத்துக்குத் தீர்த்தவாரிக்குப் போகிறார். போகும்போது மேளதாளம் உண்டு. தீர்த்தவாரி முடிந்து திரும்பும் வேளையில் "வல்லாள மகாராஜா போரில் மாண்டார்" என்ற செய்தி சுவாமிக்குச் சொல்லப்படுகிறது. உடனே மேளம் நிற்கிறது. நாதசுரம் நிற்கிறது. தந்தையை இழந்த மகனாகச் சுவாமி சத்தம் இல்லாமல் கோயிலுக்குத் திரும்புகிறார்.

அடுத்து மாசி மகம். பள்ளிகொண்டாப்பட்டில் கவுதம நதிக்கரைக்குச் சுவாமி எழுந்தருளுகிறார். அங்கே வல்லாள மகாராஜாவுக்குத் திதி நடக்கிறது. மகன் நிற்க வேண்டிய இடத்தில் அண்ணாமலையார். கரையில் சுற்று வட்டாரத்து ஜனங்கள். அவர்களில் பலர், தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் அன்று அதே ஆற்றில் எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வீடு திரும்புகிறார்கள்.